பிளான்டேஷன் ஃபேமிலி

நான் 'டைனமிக்' ஆனது தம்பானூரிலிருந்து ஓவர்பிரிட்ஜ் போகிற வழியில், ஒரு குடைக்கடையின் மாடியில். அதற்கு முன்னால் நான் எம்.காம். முடித்துவிட்டு கரமனையில் அக்ரஹாரத்து வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு சாதாரணப் பெண். ஒரு மழைக்காலத்துக்குள் என்னை டைனமிக்காகவும், ரிசல்ட் ஓரியன்டட் ஆகவும், டீம் பிளேயராகவும் ஆக்கித் தந்தார்கள். எந்த டீம், என்ன விளையாட்டு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. கழக்கூட்டம் பக்கம் கண்ணாடி வைத்த கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஊரில் மூலைக்கு மூலை பிரவுசிங் சென்டர் வந்துவிட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அட்டைத் தடுப்புக்குள் போய் உட்கார்ந்து, பேஜ் திறக்கிறவரை சுவரில் ஒட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்திரிகையில் வேலை விளம்பரம் பார்ப்பவர்களெல்லாம் பழைய காலத்து மனிதர்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர்களே அதற்கு வகுப்பும் நடத்தினார்கள்.

எங்கள் பயிற்சியாளர் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். யார் சொல்லிக்கொண்டார்கள் என்று பார்த்தால் அவர்தான். நாகர்கோவில்காரர், ஆனால் வெறும் தமிழில் பேசினால் மதிப்புக் குறைந்துவிடும் என்பதுபோல் இங்கிலீஷில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். அந்த வேர்வையிலும் டை கட்டியிருப்பார். முதல் நாளே சொன்னார்:

"நெட்டில் தேடினா நீங்க கிடைக்கணும். கிடைக்கலைன்னா நீங்க இல்லை. மனசிலாயோ?"

ரேஷன் கார்டிலும் வோட்டர் லிஸ்டிலும் நன்றாகவே இருந்துகொண்டிருந்த நாங்கள் எல்லோரும், இல்லாமல் போய்விட்ட கவலையோடு தலையை ஆட்டினோம்.

எங்களை இருக்க வைப்பதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. ஆளுக்கொரு ஹோம் பேஜ். இலவசமாக இடம் தரும் ஏதோ ஒரு சைட்டில் எங்கள் பெயரில் ஒரு பக்கம். மேலே, 'வெல்கம் டு மை வேர்ல்டு' என்று வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. நடுவில் போட்டோ. அதற்குக் கீழே எங்களைப் பற்றிய விவரம். அடியில், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் கவுண்டர். அந்த நம்பர் தினமும் ஏறும். ஏறியது எப்படி என்று பிறகுதான் புரிந்தது. நாங்களே ஒருத்தர் பக்கத்தை ஒருத்தர் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் அப்பாவைத் தவிர வேறு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

போட்டோவுக்குக் கோட் வேண்டும் என்றார். பெண்களுக்கும் வேண்டும், அதுதான் கார்ப்பரேட் லுக். அவர் சொன்ன ஸ்டூடியோவில் ஒரே ஒரு கறுப்புக் கோட் இருந்தது, ஆறடி ஆண்பிள்ளைக்குத் தைத்தது. சுடிதாருக்கு மேல் அதை மாட்டிவிட்டு, முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து, துணி காயப்போடுகிற கிளிப்பை வரிசையாகப் போட்டார் ஸ்டூடியோக்காரர். "திரும்பாதீங்க, திரும்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டே படம் எடுத்தார். முன்னால் பார்த்தால் மேனேஜர். பின்னால் பார்த்தால் கொடிக்கம்பி.

அந்தப் பக்கத்தை நான் பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். இங்கிலீஷில் அச்சாகி வந்த எதையும் நின்றுகொண்டு படிக்கிற ஜாதி. எழுந்து நின்று படித்துவிட்டு, "பேஷ், பேஷ்" என்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு முறை பார்த்தாள்.

"யாருடீ இது? நம்மாத்துல இப்படி ஒருத்தி இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கத்தைப் பற்றி வந்த விமரிசனங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அந்த வகுப்பில் எனக்கு ஒரே ஒரு சிநேகிதி. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். போனக்காட்டிலிருந்து வந்தவள். அம்மா அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள், அப்பா இல்லை. மிஷன் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. இங்கிலீஷ் முடித்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கும். என்னை "அக்கா" என்பாள்.

அவளுடைய பக்கத்துக்கான விவரத்தைப் பயிற்சியாளரே உட்கார்ந்து எழுதினார். வீட்டைப் பற்றிக் கேட்டார்; சொன்னாள். ஒரு நிமிஷம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினார்: 'தெற்கு சஹ்யாத்ரியின் பாரம்பரியமான ஒரு பிளான்டேஷன் ஃபேமிலியைச் சேர்ந்தவர்.' இங்கிலீஷில் அது இன்னும் கம்பீரமாக இருந்தது. குதிரை லாயமும் வேட்டைத் துப்பாக்கியும் இருக்கிற பங்களாவிலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி.

"சார், இது..." என்று அவள் இழுத்தாள்.

"இருக்கட்டும். ஒரு கிளாஸ் வேண்டாமா, பின்னே?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். அப்பாவுக்கு எங்கள் எல்லோருடைய பக்கங்களும் மனப்பாடம். வாரத்தில் ஒரு நாள் என்னோடு பிரவுசிங் சென்டருக்கு வந்து உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் போவார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எழுந்து நின்றார்.

"வாங்கோ வாங்கோ. இப்படி உக்காருங்கோ. ஃபேனுக்கு அடியில உக்காருங்கோ" என்று தன் சாய்வு நாற்காலியையே காட்டினார். அந்த நாற்காலியில் எங்கள் சித்தப்பா உட்கார்ந்தால்கூட அவருக்குப் பிடிக்காது.

அவள் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்காத்து எஸ்டேட்டுத் தேயிலையை இங்க எந்தக் கடையில விக்கறா? இந்த சாலைக்கடையில கிடைக்கறதெல்லாம் வெறும் மண்ணு, கேட்டேளா."

"எங்க எஸ்டேட்டு இல்ல மாமா. எங்கம்மா அங்க வேலை செய்யிறாங்க. கொழுந்து எடுக்குறாங்க."

அப்பா உடனே, "ஓ, அப்படியா! நல்லது நல்லது. ஃபேன் காத்து வரதா உனக்கு? இல்லேன்னா அந்த ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டுக்கோ" என்றார்.

வாங்கோவுக்கும் உனக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. அவ்வளவு வேகமாக ஒரு மனிதர் மலையிலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து ஸ்டூலுக்கு வந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "அந்த நாற்காலிக்கு என்ன வந்துது? அது என்ன சிம்மாசனமா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அப்பா பேப்பரைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார். சாப்பாடு முடிகிறவரை அவர் அதைக் கீழே இறக்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு அவளைக் கொண்டுவிடப் போகும்போது நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தேன்.

"மாமா மேல என்னக்கா தப்பு? எழுதியிருக்கிறத நம்பினாங்க" என்றாள். "அந்த வரிய எடுக்கச் சொல்லணும்க்கா. இன்னிக்கு உங்க வீட்டுல. நாளைக்கு வேற எங்கயாவது."

மறுநாளே போய்ச் சொன்னோம். பயிற்சியாளர் சிரித்தார். "இப்பவா? லிங்க் எல்லாம் கம்பெனிகளுக்கு அனுப்பியாச்சு. இப்போ கை வச்சா எல்லாம் கெட்டுப்போகும், கேட்டோ" என்றார். பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது. எங்கள் பெயர், எங்கள் படம், எங்கள் குடும்பம், பூட்டு மட்டும் அவருடையது.

பத்து பதினைந்து நாளில் உண்மையாகவே ஒரு அழைப்பு வந்தது. வெள்ளயம்பலம் பக்கம் ஒரு சுற்றுலாக் கம்பெனி. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஈமெயிலில் பதில் எழுத ஆள் வேண்டுமாம். எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சியாளருக்குத் தலை கால் புரியவில்லை. எங்களை வகுப்பின் முன்னால் நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னார். "இதாணு ஆன்லைன் ப்ரெஸன்ஸ்!" என்று மேஜையைத் தட்டினார். போர்டில் எங்கள் இருவர் பெயரும் ஏறின. வேலை கிடைத்துவிட்டதைப் போல ஒரு பையன் எங்களிடம் சாக்லேட் கேட்டான்.

அந்த ஆபீஸில் முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே ஒரு பிரம்பு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே குரல் முதலில் மிகவும் குழைந்து கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது முகத்தில் எதுவும் இல்லை. என்னைத் தாண்டிப் போய் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். கம்பெனி முதலாளியே இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பீர்மேடு பக்கம் எஸ்டேட் இருக்கிறது. அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து கை கொடுத்தாராம்.

"எந்த எஸ்டேட்டு, எத்தனை ஏக்கர், அப்பா எந்த கிளப்புல மெம்பர்னு கேட்டாருக்கா. எங்க ஆளுங்க எல்லாரையும் எனக்குத் தெரியுமேன்னாரு. தொழிலாளிங்க இருக்கிற லயத்துல இருக்கோம் சார்னேன் நான். எங்கம்மா லேபர்னேன். என் பக்கத்தோட பிரின்டைக் கையில எடுத்துப் பார்த்தாரு. 'அப்போ இது சீட்டிங் இல்லையா மோளே'ன்னாரு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் சிரிச்சாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்ல? கூட்டிக் கழிச்சுப் பார்த்தா சீட்டிங்தானக்கா? ஆனா யாரு யாரைன்னுதான் தெரியல."

அடுத்தது நான். மேஜை மேல் இரண்டு பிரின்ட் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் ஒரே கோட், ஒரே காலர் மடிப்பு, அதற்கு மேலே மட்டும் வேறு வேறு தலை. முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைனமிக். இவளும் டைனமிக், நீயும் டைனமிக். ரெண்டு பேருக்கும் ஒரே பாஷன், ஒரே விஷன்" என்றார் மலையாளத்தில். "உங்களோடது என்ன ஃபேமிலி? ராயல் ஃபேமிலியா?"

பக்கத்திலிருந்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள், சிரித்துத்தானே ஆக வேண்டும்.

"இதை நாங்க எழுதலை சார். சொல்லிக்கொடுத்தவர் எழுதினது. அவ எடுக்கச் சொல்லியும் எடுக்கலை" என்றேன்.

"அப்போ இதுல நீ எழுதினது என்ன?"

"பேரு மட்டும்தான் சார்."

அதற்கு அவர் உண்மையிலேயே சிரித்தார். போகலாம் என்று கையைக் காட்டினார். தன் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள் மகள் யாராவது இங்கிலீஷ் படித்து எங்காவது வேலைக்கு நிற்பாள் என்று அந்த மனிதருக்கு ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்குமா என்று வழியெல்லாம் யோசித்தேன். தோன்றியிருக்காது. பிளான்டேஷன் ஃபேமிலி என்றால் ஒரு ஃபேமிலிதான் அவருக்குத் தெரியும்.

நேராகக் குடைக்கடை மாடிக்குப் போனோம். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். "எப்போ ஜாயினிங்?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் வாய் வாடவில்லை.

"பொய்யா? பிளான்டேஷனில் ஜீவிக்கிற ஃபேமிலி பிளான்டேஷன் ஃபேமிலி அல்லே? இதில் ஒரு வார்த்தை தப்புன்னு காட்டு. பாக்கலாம். அவர் தப்பா எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய? நீங்கதான் கான்ஃபிடென்டா பேசியிருக்கணும்."

"எங்கம்மா லேபர்னு கான்ஃபிடென்டாதான் சார் சொன்னேன்" என்றாள் அவள்.

வகுப்பில் யாரோ களுக்கென்றார்கள். அவர் டையை நேர்செய்துகொண்டு, பக்கத்தை அப்புறம் எடுத்துவிடலாம், பாஸ்வேர்டு தெரிந்த பையன் துபாய்க்குப் போய்விட்டான் என்றார். அவள் ஓரத்தில் காலியாக இருந்த கம்ப்யூட்டரின் முன் போய் உட்கார்ந்தாள். இன்ஸ்டிட்யூட்டின் பெயரையே பாஸ்வேர்டாக அடித்தாள். திறந்துகொண்டது. பெங்களூர் மூளை அவ்வளவுதான்.

தன்னைப் பற்றிய விவரம் முழுவதையும் வரி வரியாக அழித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்களுதும்?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அதையும் அழித்தாள். போட்டோவையும் ஓடுகிற எழுத்தையும் எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அது ஏதோ வேறு இடத்தில் வைத்திருந்தது. அதனால் அந்தக் கோட்டும், என் தலையும், 'வெல்கம் டு மை வேர்ல்டு' என்று விடாமல் ஓடுகிற வரியும் மட்டும் மிஞ்சின. கீழே ஒன்றுமில்லை. என் உலகத்துக்கு வரவேற்பு மட்டும் இருந்தது, உலகம் இல்லை.

பயிற்சியாளர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். போர்டில் இருந்த எங்கள் பெயரை டஸ்டரால் துடைத்துவிட்டு, அடுத்த பாடத்தைத் தொடங்கினார். பாடம் என்ன தெரியுமா? 'நேர்மையாகத் தோன்றுவது எப்படி.'

அத்தோடு நாங்கள் அங்கே போவதை நிறுத்தினோம். பழைய காலத்து மனிதர்களாகி, பேப்பரில் விளம்பரம் பார்க்க ஆரம்பித்தோம். மருத்துவ டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு தொழில் அப்போது ஊருக்குள் வந்திருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பற்றி வாயால் சொல்லி ரெக்கார்டு செய்து அனுப்புவார்கள். அதை இங்கே ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். அப்படி ஒரு கம்பெனி நேரில் வரச் சொல்லியிருந்தது. பட்டச் சான்றிதழ் நகல் ஒன்று, பேனா ஒன்று. கோட் கேட்கவில்லை.

மாடிப்படியில் நீளமான வரிசை. நாங்கள் போய் நின்றபோது எங்களுக்கு நாலு ஆள் முன்னால் ஒரு முதுகு தெரிந்த மாதிரி இருந்தது. திரும்பினார். எங்கள் பயிற்சியாளர். டை இல்லை. நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலை அணைத்துக்கொண்டிருந்தார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார், அதுவும் வெறும் தமிழில்:

"சும்மா மார்க்கெட் ஸ்டடி பண்ணலாம்னு வந்தேன்."

"ஸ்டடி பண்ணுங்க சார்" என்றேன். எனக்கு அதைவிடக் கூர்மையாக ஒன்று சொல்லியிருக்க வேண்டும் என்று ஆசை. நாலைந்து வாக்கியங்கள் நாக்கு நுனிவரை வந்தன. அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆல் த பெஸ்ட் சார்" என்றாள் அவரிடம். கிண்டல் இல்லை. அவர் தலையைக் குனிந்து ஃபைலைத் திறந்து மூடினார். பெங்களூரும் கம்பீரமும் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வரிசையில் நிற்கிற எல்லோரையும் போல அவரும் கழுத்தை நீட்டி, முன்னால் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். வரவில்லை. வேலை இல்லாதவன் வேலை தேடுவதில் என்ன இருக்கிறது? தேடிக்கொண்டிருந்தவன் எங்களிடம் வந்து, கிடைத்துவிட்டவன் மாதிரி சொல்லிக்கொடுத்தானே, அதுதான்.

பரீட்சையில் யாரும் எங்கள் பாஷனையும் விஷனையும் கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். காலுக்கடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். வாயில் எதையோ மென்றுகொண்டே ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் அவருடைய இலக்கணம் சரியில்லை, திருத்தி அடித்தேன். திருத்தியதற்காகவே என்னைத் தள்ளிவிட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டுமாம். அவள் அப்படியே அடித்திருந்தாள். அவளை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியாளரை எடுக்கவில்லை. அவர் பெயர் வாசிக்கப்படவில்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் நான் படி இறங்கினேன்.

எனக்கு அதற்கு அடுத்த வருஷம் ஒரு பாடப்புத்தக விநியோகக் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. எப்படி? அப்பாவின் பெரியம்மா பிள்ளைக்கு அந்த மேனேஜரைத் தெரியும். ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லி வைத்தார். நெட்வொர்க்கிங், நெட்வொர்க்கிங் என்று அந்த மாடியில் அடித்துக்கொண்டது இதைத்தான் போலிருக்கிறது. அதற்கு ஒரு கம்ப்யூட்டரும் வேண்டியிருக்கவில்லை, ஒரு பால்பாயசம் போதுமாக இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு அவளையோ அவள் அம்மாவையோ யாரும் அழைத்திருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் அந்த வேலையில் நிலைத்துவிட்டாள். சாஸ்தமங்கலம் பக்கம் இரண்டு பெண்களோடு அறை எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அப்பாவுக்கு இப்போது அவள் வந்தால் கொண்டாட்டம். அமெரிக்க டாக்டர்களோடு தினமும் பழகுகிற பெண் அல்லவா? "வாம்மா, வா" என்று வாங்கோவுக்கும் உனக்கும் நடுவில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்திருந்தார். தன் முழங்கால் வலிக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சங்கத்து ஆபீஸில் போய்ச் சொல்வார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்த ஊர்க்காராளுக்கெல்லாம் பெரிசு பெரிசா வியாதி வருமாக்கும், இல்லையா?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"பாதிப் பேருக்கு மலச்சிக்கல்தான் மாமா. இங்கிலீஷ்ல சொல்றாங்க, அவ்வளவுதான்."

அம்மா சிரித்த சிரிப்பில் ரசம் கரண்டியிலிருந்து சிந்தியது. அப்பா மோர் ஊற்றிக்கொண்டார்.